நிரை பிடித்தவர்கள் அலைப் படம் பார்த்தால்: அட்டன் திரையிடல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதத் திரையிடலுக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில், ஜன்னலோரம், ஈரக் குடையைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான். படம் முடிந்து பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில் எழுந்து போனதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை. அப்புத்தளைக்குத் திரும்ப ரயில் பிடிக்க வேண்டும், அதை விட்டால் அன்றிரவு அட்டனில்தான். ஆகவே அன்று பேச நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், எழுதும் எண்ணமே இல்லாமல்தான் இருந்தேன். அன்று போட்ட 'ரைடிங் ஜயன்ட்ஸ்', கடலலை மேல் பலகையில் ஏறிச் சறுக்கும் அலைச்சறுக்கைப் (சர்ஃபிங்) பற்றிய ஆவணப்படம்; அதைப் பற்றி உங்கள் மாத மடலில் வந்த குறிப்பைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரப் படத்துக்குப் பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன். பணம் படைத்த வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, அரசியல் இல்லாத படம், கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம். இவ்வளவுதான் அந்தப் பதினோரு வரியின் சாரம்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. கடலுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லையா? நம் பாட்டன் பாட்டிகள் மலையிலேயே முளைத்தவர்களா? இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். அந்தப் பாதையை, வந்து இருநூறு வருஷம் ஆனதற்காக 2023இல் 'மலையகம் 200' என்று மறுபடியும் நடந்தோம். கடலில் மூழ்கிய ஆதிலட்சுமி கப்பலோடு போனவர்களைப் பற்றி உங்கள் மேடையிலேயே கவிதை படித்திருக்கிறார்கள். சரி, அதை விடுங்கள். சம்பந்தம் இருந்தால்தான் படம் பார்க்க வேண்டும் என்ற விதியை யார் போட்டது? ஈரானியப் பிள்ளைகளின் சப்பாத்தைப் பற்றிய படத்துக்கு இதே மண்டபத்தில் நாம் எல்லோரும் கண் கலங்கவில்லையா?

இந்தப் படத்தை முதலில் வரவேற்றதும் ஒரு மலையூர்தான். சன்டான்ஸ் திரைப்பட விழா நடந்து வந்த பார்க் சிட்டி, கடலே இல்லாத யூட்டா மாநிலத்தில், பனி விழும் மலைக்குள் இருக்கிறது. 2004 ஜனவரியில் அந்த விழா இந்தப் படத்தோடுதான் தொடங்கியது. ஓர் ஆவணப்படம் அந்த விழாவைத் தொடக்கிவைத்தது அதுவே முதல் தடவை. அப்புறம் ரோஜர் ஈபர்ட் எழுதிய விமர்சனம். மனிதர் சிகாகோ பத்திரிகைக்காரர். அலைச்சறுக்கைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய கிட்ஜெட் படங்களும் பீச் பாய்ஸ் பாட்டுகளும் டீவி விளம்பரங்களும் தந்தவைதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, இது முற்றிலும் வேறோர் உலகம் என்று எழுதினார். எனக்குப் பிடித்தது அந்த ஒப்புக்கொள்ளல். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பார்க்க உட்காருகிறார். நம் குறிப்பை எழுதியவர் எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறார். படம் தொடங்குமுன்பே பதினோரு வரியும் தயாராகிவிட்டதோ என்று எனக்கொரு சந்தேகம்.

படத்துக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஸ்டேசி பெரால்டா, தானே சின்ன வயதில் பெயர் பெற்ற ஸ்கேட்போர்ட்காரர். படம் மூன்று மனிதர்களை வைத்து நகர்கிறது. 1950களில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் போன கிரெக் நோல். வட கலிபோர்னியாவில் மாவரிக்ஸ் என்ற இடத்தில் யாருமே துணைக்கு வராமல் பதினைந்து வருஷம் தனியாக அலையேறிய ஜெஃப் கிளார்க். ஜெட் ஸ்கீ என்ற நீர் மோட்டார் வண்டியால் இழுக்க வைத்து, கையால் துடுப்பிட்டுப் பிடிக்கவே முடியாத அலைகளைப் பிடித்த லேர்ட் ஹாமில்டன். மூன்று பேர், மூன்று கரை, ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

பணக்காரர் பொழுதுபோக்கு என்கிறீர்கள். லேர்ட் ஹாமில்டன் பகுதிக்கு அது ஓரளவு பொருந்தும். ஜெட் ஸ்கீ நம் வீட்டு முச்சக்கர வண்டி இல்லைதான். ஆனால் கிரெக் நோலும் கூட்டாளிகளும் ஹவாயின் ஓவாஹு தீவின் வடகரையில் ஒரு வீட்டில் பத்துப் பேர் சுருண்டு, மீன் பிடித்துத் தின்று நாள் கழித்தவர்கள். அதே நோல் பின்னாளில் பலகை செய்து விற்ற தொழிலை மூடிவிட்டு, கிரெசென்ட் சிட்டியில் மீன்பிடிப் படகோட்டிப் பிழைத்தார். 2021இல் இறந்தார். ஜெஃப் கிளார்க் 1975இல் மாவரிக்ஸில் முதலில் இறங்கியபோது பதினேழு வயது. கரையிலிருந்து ஏறக்குறைய அரை மைல் தள்ளி, பாறைகளுக்கு நடுவே, விறைத்துப்போகும் குளிர் தண்ணீரில். அங்கே அவருக்குப் பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. இவர்களையும் ஜெட் ஸ்கீயையும் ஒரே மூட்டையில் கட்டி 'பணக்காரர்' என்று சீட்டு ஒட்டியது சோம்பல்.

இப்போது என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலுக்கு அவர்தான் காரணம்.

தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். இப்போது முழங்கால் போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். திரையிடலுக்கு அடுத்த வாரம் அதே படத்தை மடிக்கணினியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. நடுநடுவே நான் சொல்லிக்கொண்டே வந்தேன், பிறகு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அவர் என்னைக் கேட்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை.

"காலப் பாரு புள்ள," என்றார். "அவன் மேல எங்கயும் பாக்கல. எல்லாம் கால்லதான் இருக்கு."

நான் அதுவரை காலைப் பார்க்கவே இல்லை. அலையைத்தான் பார்த்தேன். எல்லோரும் அலையைத்தான் பார்த்தோம். மழையில் நனைந்த சரிவில், வடிகால் கானுக்கும் செடிக்கும் நடுவில் ஒரு சாண் இடத்தில், முதுகில் கூடையோடு முப்பத்தெட்டு வருஷம் நின்றவருக்குத்தான் கால் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜெஃப் கிளார்க் பகுதி வந்தது. பதினைந்து வருஷம் தனியாகப் போனார் என்று சொன்னதும் கேட்டார்: "எறங்குறதுக்கு முந்தி எத்தன நாள் பாத்துக்கிட்டு இருந்திருப்பான்?"

கிளார்க்கிடம் கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளூர்ப் பையன் அவர். அந்த இடத்தைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர். எந்தத் திசை அலைக்கு எந்தப் பக்கம் உடையும், எங்கே தப்பிக்க வாய்க்கால் மாதிரி ஆழம் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணால் கற்றது. மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எந்தச் செடி தயார், எது இன்னும் நாலு நாள் நிற்கட்டும் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்ததா? அவரும் பார்த்துப் பார்த்துக் கற்றார். மட்டக்கம்பைச் செடி மேல் வைத்து, அதற்கு மேல் நீட்டியிருக்கும் ரெண்டு இலை ஒரு மொட்டை இரண்டு கையாலும் கிள்ளி, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறியும் அந்த வேகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. நம்மைப் பற்றி எத்தனை ஆவணப்படம் வந்திருக்கிறது! உங்கள் மண்டபத்திலேயே பலது பார்த்தேன். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளப் போராட்டம் நடந்த காலத்தில் வந்தவை, இருநூறாவது வருஷத்தில் வந்தவை. பனி மூட்டத்தில் தொடங்கும். அப்புறம் கூடை. அப்புறம் அட்டை கடித்த கால். லயத்து வரிசை வீட்டுக் கூரையில் ஓட்டை, அதன் கீழே ஒரு சட்டி. யாராவது ஓர் அம்மா அழுவார், புல்லாங்குழல் தொடங்கும். இதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஓட்டையும் உண்மை, சட்டியும் உண்மை. ஆனால் அந்தப் படங்கள் எதிலாவது பெரியம்மாவின் கை எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நிமிஷம் தொடர்ந்து காட்டியிருக்கிறார்களா? கொழுந்தெடுக்க நிரை, அதாவது செடி வரிசை, பிடிக்கும்போது யார் எந்த நிரையை எடுப்பது, கூடப் பறிக்கிறவள் பிந்தினால் பக்கத்து நிரைக்காரி என்ன செய்வாள் என்று யாராவது கேட்டார்களா? கைத்தொழிலாளியின் கையைக் காட்டாமல் கண்ணீரை மட்டும் காட்டுகிற படத்துக்கு நாம் எழுந்து நின்று கை தட்டுகிறோம். கையையும் காலையும் மட்டுமே கவனிக்கிற ஒரு படம் வந்தால் அரசியல் இல்லை என்கிறோம்.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1934இல் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' உலகத்தின் சிறந்த ஆவணப்படங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த படம் அது. அதன் மூன்றாம் பகுதிக்குப் பெயரே வணிகத்தின் குரல்கள். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் ராபர்ட் நொக்ஸின் பதினேழாம் நூற்றாண்டு வாசகத்தை லயனல் வென்ட்டின் குரலில் கேட்கிற அந்தப் படத்தில், கொழுந்து எடுக்கிறவள் என்ன பேசுவாள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. விமர்சகர்கள் அன்றைக்கே மெச்சினார்கள்.

'ரைடிங் ஜயன்ட்ஸ்' ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று பொறுமையாகக் காட்டுகிறது. அலை எங்கிருந்து வருகிறது, பலகையின் நீளம் ஏன் மாறியது, விழுந்தால் என்ன ஆகும். குளிர்காலத்தில் வட பசுபிக்கில், அலூஷியன் தீவுகளின் பக்கம் கிளம்பும் புயல்தான் மூலம். அந்த விசை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி ஹவாய்க்கு வருகிறது. தீவைச் சுற்றி மெல்ல மெல்ல ஆழம் குறையும் அகலமான திட்டு இல்லாததால் வேகம் குறையாமல் வந்து, திடீரென்று பாறையில் தட்டி எழுந்து நிற்கிறது. அலை பெரிதாகப் பெரிதாக அதன் வேகமும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் கையால் துடுப்பிட்டு அதற்கு ஈடு கொடுக்க முடியாது. அதனால்தான் 1990களில் ஜெட் ஸ்கீ வந்தது. இழுத்துவிட ஆள் இருந்தால் நீளப் பலகை தேவையில்லை, ஆகவே பலகை குட்டையானது, காலை மாட்ட வார் வந்தது. அதோடு வேலை இரண்டு பேர் வேலையாகவும் ஆனது. விழுந்தவனை அடுத்த அலை வருமுன் எடுக்க வேண்டியவன் இழுத்துவிட்டவன்தான். பக்கத்து நிரைக்காரி என்றேனே, அதேதான்.

எனக்குச் சித்தி மகன், தம்பி ஒருவன், கிழக்குக் கரையில் அறுகம்பையில் இருக்கிறான். ஹோட்டல் சமையலறைக்குப் போனவன், இப்போது உடைந்த பலகைக்கு ரெசின் பூசித் தேய்த்துச் சரிபண்ணும் கடையில் வேலை செய்கிறான். ஏப்ரலில் பொத்துவில் பஸ் ஏறினால் ஐப்பசியில்தான் வருவான். அங்கே வருவது இந்தப் படத்து அலை இல்லை, தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் நீளமான, ஓரளவு உயரமான அலை. அவனும் ஏறப் பழகிவிட்டான். விழுந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அடிக்கிறது பரவாயில்லக்கா. கீழ புடிச்சு வச்சுக்கும். மேல எது கீழ எதுன்னு தெரியாது. அப்ப கைகால ஆட்டுனா போச்சு, சும்மா இருக்கணும்," என்றான். படத்தில் இதையே பலர் பல மாதிரி சொல்கிறார்கள். ஒரு தோட்டத்துப் பையன் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

உயரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அன்று யாரோ ஒருவர் இவர்கள் இருபது அடி என்கிறார்கள், பார்த்தால் நாற்பது இருக்கும் போலிருக்கிறது, இந்தப் புளுகை எப்படி நம்புவது என்று கேட்டாராம். ஹவாய்க்காரர்களில் பலர் அலையைப் பின்பக்கத்திலிருந்து அளக்கும் வழக்கம் உள்ளவர்கள். அவர்களது இருபது அடி, முன்பக்கம் நின்று பார்த்தால் ஏறக்குறைய நாற்பது. கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்கிறார்கள். நாமோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று, ஈரத்துக்கு இவ்வளவு கூடைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தை எழுதுவதைப் பார்த்துப் பழகியவர்கள். அளவு என்றாலே யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றுவது இயல்புதான்.

சரி, இனி உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னதாகக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: அவர்கள் ஆபத்தைத் தேடிப் போகிறார்கள், நம்மை ஆபத்து தேடி வருகிறது. அந்தப் பதினோரு வரியில் நான் அடிக்கோடிட்டது இது ஒன்றைத்தான். அறுகம்பைக்குப் போகும் பஸ் கொஸ்லந்தை வழியாகத்தான் போகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை அதன் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த வளைவு வரும்போது தன் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும் என்று அறுகம்பைத் தம்பி சொல்வான். படம் வந்த அதே 2004இல், டிசம்பர் 26ஆம் தேதி, பொத்துவில் கரையில் கடல் என்ன செய்தது என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட இடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, 1994 டிசம்பர் 23ஆம் தேதி மாவரிக்ஸில் அலைச்சறுக்குக்காரர் மார்க் ஃபூ இறந்ததை விவரிக்கும் பகுதியில் ஓர் எரிச்சல் வந்தால் அது நேர்மையான எரிச்சல். ஃபூவை ஒரு மணி நேரத்துக்கு மேலாக யாரும் தேடவே இல்லை. அந்தக் கொடுமைக்குப் பக்கத்தில் படம் இன்னும் கொஞ்சம் மௌனமாக இருந்திருக்கலாம். அதைக் காவியமாக்க அவசரப்படுகிறது. பொதுவாகவே படத்தில் 'இதுவரை இல்லாத', 'யாரும் செய்யாத' என்ற சொற்கள் அதிகம், பாட்டும் அதிகம். இரண்டாம் தடவை பார்க்கும்போது காது வலிக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்துத் தம்பியின் வரியோடு நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அங்கேயல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? ஆபத்தைத் தேடிப் போக யாருக்கு நேரம் இருந்தது, அதே கரையில் யாருக்கு இல்லை?

கிரெக் நோலும் நண்பர்களும் 1957 நவம்பரில் ஓவாஹு வடகரையின் வைமியா குடாவில் இறங்கியபோது, அதற்குப் பக்கத்திலேயே வையலுவா கரும்புத் தோட்டமும் ஆலையும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆலை 1996 வரை ஓடியது. ஹவாயின் கரும்புக் காட்டுக்கு 1852இலிருந்து சீனர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு ஜப்பானியர், போர்த்துக்கேயர், பிலிப்பினோக்கள். மேற்பார்வை செய்கிறவனுக்கு அங்கே லூனா என்று பெயர். நம் கங்காணி துரை எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறதா? தொழிலாளிக்குப் பேருக்குப் பதிலாக நம்பர் அடித்த உலோகத் தகடு, அதற்குப் பாங்கோ என்று பெயர். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஆட்களுக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று நம்பர் குத்திய தகரத் துண்டு கொடுத்து அனுப்பவில்லையா? 1946இல் ஹவாயின் கரும்புத் தொழிலாளர் ஏறக்குறைய இருபத்தாறாயிரம் பேர் எழுபத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இந்தக் கரும்புக் காடு படத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா கடலைப் பார்த்தபடி நிற்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை. படத்தின் பெரிய குறை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அலைச்சறுக்கு ஹவாயின் சொந்த மக்களின் கலை. 1820இல் வந்த மிஷனரிமார் அதை முகம் சுளித்து ஒதுக்கினார்கள். 1893இல் கரும்பு முதலாளிகளின் ஆதரவோடு அவர்களது ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். படத்தின் தொடக்கத்தில் அலைச்சறுக்கின் ஆயிரம் வருஷத்தை இரண்டு நிமிஷக் கார்ட்டூனாக ஓட்டிவிடுகிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் கதையின் மூன்று தூண்களாக நிற்பவர்கள் மூன்று வெள்ளை ஆண்கள். வைமியாவில் உயிர்காப்பாளராக இருந்து எத்தனையோ பேரைக் கரைசேர்த்த ஹவாய் மண்ணின் மகன் எடி ஐக்காவ், 1978இல் கவிழ்ந்த ஹொக்கூலேயா படகுக்கு உதவி தேடித் தன் பலகையில் துடுப்பிட்டுப் போய்த் திரும்பவே இல்லை. அந்தத் தூண்களில் ஒன்று அவராக இருந்திருக்கலாம். பெண்கள்? சாரா கெர்ஹார்ட் 1999இலேயே மாவரிக்ஸில் அலையேறிவிட்டார். படம் வந்தது ஐந்து வருஷம் கழித்து.

பாருங்கள், அரசியல் இல்லாத படம் என்று நீங்கள் மூடிய இடத்தில் எவ்வளவு இருக்கிறது. தோட்டத்தைத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற குறை இது. அமெரிக்காவில் எழுதிய பலருக்கு இது கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு குறைவு, அவர்கள் லயத்தில் வளரவில்லை. நமக்குப் பட்டிருக்க வேண்டும். உலகத்துக்கு நாம் சொல்லக்கூடிய ஒரு விமர்சனத்தை, சம்பந்தமில்லை என்ற ஒரு சொல்லால் நாமே தொலைத்துவிட்டோம். எனக்குக் கோபம் அதில்தான்.

குறை இவ்வளவு இருந்தும் எனக்குப் படம் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், தப்பில்லை. கிரெக் நோல் 1969 டிசம்பரில் ஓவாஹுவின் மகாஹாவில் தன் கடைசிப் பெரிய அலையைப் பிடித்த கதையைச் சொல்லும் இடத்தை மறுபடி பாருங்கள். வயதான மனிதர், பருத்த உடம்பு, சொல்லும்போது குரலில் வீறாப்பு இல்லை. போகலாமா வேண்டாமா என்று நீண்ட நேரம் அலைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு பெரிய அலைப் பக்கமே அவர் அதிகம் போகவில்லை. பெரியம்மா அந்த இடத்தில் திரையை நிறுத்தச் சொன்னார். தான் கடைசி நாள் கூடையை மடுவத்தில் இறக்கி வைத்ததைச் சொன்னார். அன்றைக்கு எத்தனை கிலோ என்பதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். படத்தை இன்னொரு தடவை போடுங்கள். அட்டனில் வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், சனிக்கிழமை பின்னேரம் என்றால் மலையிலிருந்து இறங்கி, தண்ணி எடுத்து, சோறாக்கி முடிக்கவே இருட்டிவிடும். எங்கள் தோட்டத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் நாற்பது பேர் தாராளமாக உட்காரலாம், கேட்டு வைத்திருக்கிறேன். அறுகம்பையில் சீசன் முடிந்து தம்பி வரும் நேரம் பார்த்து வைத்தால், உடைந்த பலகை ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படம் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறேன், பெரியம்மா வாயை மூடு என்று சொல்லும் வரைக்கும். முடிந்தபின் முதலில் பேசுவது நீங்களோ நானோ வேண்டாம், நிரை பிடித்தவர்கள் பேசட்டும். மாத மடலுக்குக் குறிப்பெடுக்க யாராவது வாருங்கள், பதினோரு வரிக்கு மேல் இடம் ஒதுக்கி வையுங்கள்.

ப்ரொஜெக்டர் உங்களிடம் இருக்கிறது. வெள்ளைத் துணி இங்கே உண்டு. கரண்ட் ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் மங்கும், அதனால் மூன்று மணிக்கே தொடங்கிவிடலாம். கடைசி ரயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வருகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடும் படுக்க இடமும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
கடைசி வரிசைக் குடைக்காரி
அப்புத்தளை